சீட்டுப் பணம் ராத்திரி யார் வீட்டில் தங்குகிறது? ஏலச் சீட்டு, தீபாவளி சீட்டு, மகளிர் குழு, கூட்டுறவு பற்றி ஒரு விளக்கம்

தீபாவளி நெருங்கினால் இந்தச் செய்தியும் வந்துவிடுகிறது. வட சென்னையில் ஏதோ ஒரு பகுதியில் சீட்டு நடத்தியவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். சீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் காவல் நிலைய வாசலில் நிற்கிறார்கள். உடனே இரண்டு குரல்கள் கேட்கும். "சீட்டு என்றாலே ஏமாற்று வேலை, பேங்கில் போட வேண்டியதுதானே" என்பது ஒன்று. "எங்கள் தெருவில் இருபது வருஷமாக நடக்கிறது, ஒரு ரூபாய் போனதில்லை" என்பது இன்னொன்று.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பேசுவது இரண்டு வெவ்வேறு பொருளைப் பற்றி, பெயர்தான் ஒன்று. இந்தக் குழப்பம் தீர ஒரே ஒரு கேள்வி போதும்: கட்டிய பணம் எங்கே, யார் கையில், எத்தனை நாள் தங்குகிறது?

சீட்டு என்ற ஒரே பெயரில் நான்கு வகை

1. குலுக்கல் சீட்டு. பத்துப் பேர் மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய் போடுவார்கள். பெயர்களை எழுதிக் குலுக்கி, வந்த பெயருக்கு 10,000 ரூபாயும் அன்றைக்கே போகும். பத்து மாதத்தில் பத்துப் பேருக்கும் ஒருமுறை கிடைத்துவிடும். வட்டி கிடையாது.

2. ஏலச் சீட்டு. யாருக்கு முதலில் பணம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்வதில்லை. அவசரம் உள்ளவர் "நான் 6,000 தள்ளி எடுத்துக்கிறேன்" என்று கேட்பார். அதிகம் தள்ளுகிறவருக்குச் சீட்டு. அவர் விட்டுக்கொடுத்த தொகை எல்லோருக்கும் பிரிந்து, அந்த மாதத் தவணையில் கழியும். இதைக் கழிவு என்பார்கள், கசர் என்பவர்களும் உண்டு.

3. தீபாவளி சீட்டு. மாதாமாதம் ஒருவரிடம் கட்டிக்கொண்டே வர வேண்டும். பன்னிரண்டாம் மாதம் பட்டாசு, இனிப்பு, மளிகை, பாத்திரம், சில இடங்களில் தங்கக் காசு என்று கைக்கு வரும். நடுவில் யாருக்கும் பணம் வராது.

4. நகைக்கடைச் சீட்டு. கடையில் மாதத் தவணை கட்டி, முடிவில் நகை வாங்குவது. பெரும்பாலும் 11 மாதத்தில் முடித்துவிடுவார்கள். நிறுவனங்கள் வைப்புத்தொகை வாங்குவது பற்றிய 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால் அது வைப்புத்தொகை ஆகாது. 11 மாதக் கணக்கு அங்கிருந்து வருகிறது.

முதல் இரண்டையும் பொருளாதாரத்தில் சுழல் சேமிப்புக் குழு என்கிறார்கள். கேரளத்தில் குறி, மெக்சிகோவில் தாண்டா, மேற்கு ஆப்பிரிக்காவில் சூசூ என்று இதே ஏற்பாடு உலகம் முழுக்க உண்டு. இவற்றில் வசூலான பணம் ஒரு ராத்திரிகூட பொதுவில் தங்குவதில்லை. சாயங்காலம் சேர்கிறது, அன்றைக்கே ஒரு உறுப்பினரின் கைக்குப் போகிறது. மூன்றாவது வகை அப்படியில்லை. அங்கே பணம் ஒரே கையில் மாதக்கணக்கில் குவிகிறது.

ஒரு ஏலச் சீட்டைப் பிரித்துப் பார்ப்போம்

பத்துப் பேர், பத்து மாதம், ஆளுக்கு 2,000 ரூபாய். மொத்தச் சீட்டு 20,000. முதல் சீட்டைத் தள்ளு இல்லாமல் நடத்துபவரே எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல இடங்களில் அதுதான் அவருடைய கூலி. இரண்டாம் மாதம் தொடங்கி ஒன்பதாம் மாதம் வரை தள்ளுத்தொகை முறையே 6,000, 5,000, 4,000, 3,500, 3,000, 2,500, 1,500, 500. கடைசிச் சீட்டில் தள்ளு இல்லை.

மொத்தத் தள்ளு 26,000. பத்தால் வகுத்தால் ஆளுக்கு 2,600 ரூபாய் கழிவு. ஆக, ஒவ்வொருவரும் பத்து மாதத்தில் உண்மையில் கட்டியது 17,400 ரூபாய். இனி மூன்று பேரைப் பாருங்கள்.

இரண்டாம் மாதம் எடுத்தவருக்குக் கையில் வந்தது 14,000. கட்டியது 17,400. கூடுதலாகக் கொடுத்தது 3,400. கேட்பதற்குச் சின்னத் தொகைதான். ஆனால் அவர் தொடக்கத்திலிருந்தே தவணையும் கட்டிக்கொண்டு வருகிறார். எந்த மாதம் எவ்வளவு கட்டினார் என்று தேதிவாரியாகப் போட்டுப் பார்த்தால், மாதம் நூற்றுக்கு 6 ரூபாய்க்கு மேல் வட்டி விழுகிறது. அதாவது ஆறு வட்டியையும் தாண்டிய கடன்.

கடைசியாக எடுத்தவர் 17,400 கட்டி 20,000 வாங்குகிறார். லாபம் 2,600. மாதக் கணக்கில் மூன்று வட்டிக்குச் சற்று மேல். எந்த வங்கியின் தொடர்வைப்பும் இதன் பக்கத்தில்கூட வராது.

நடத்துபவர் முதல் மாதமே 20,000 வாங்கி, 17,400 மட்டும் கட்டுகிறார். 2,600 மிச்சம், பத்து மாதம் பணத்தைப் புழங்கும் வசதியும் சேர்த்து. இது இலவசமாக வரவில்லை. யாராவது தவணை கட்டாமல் போனால் அந்த மாதம் அவர்தான் கைக்காசைப் போட்டு நிரப்ப வேண்டும்.

ஆகவே ஒரே சீட்டில் முதலில் எடுப்பவர் கடன்காரர், கடைசியில் எடுப்பவர் சேமிப்பவர், நடத்துபவர் சின்ன வங்கி. "சீட்டு லாபமா நஷ்டமா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எத்தனையாவது மாதம் எடுக்கிறீர்கள் என்பதுதான் பதில்.

தண்டலோடு ஒப்பிட்டால்

வட சென்னையில் தண்டல் என்றால் தினவசூல் கடன். 10,000 ரூபாய்க் கடனில் 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். வட்டி ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், உண்மை வட்டி மாதம் நூற்றுக்கு 6 ரூபாய்க்கு மேல் போகிறது.

பார்த்தீர்களா? அவசரத்தில் 6,000 தள்ளிச் சீட்டு எடுத்தவரும் தண்டல் வாங்கியவரும் ஏறக்குறைய ஒரே வட்டிதான் கொடுக்கிறார்கள். சீட்டு மலிவான கடன் என்ற நம்பிக்கை, அதிகம் தள்ளி எடுக்கும் மாதங்களில் உண்மையல்ல. இதைச் சீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. தண்டல் வட்டி தெருவை விட்டு வெளியே போய்விடும். சீட்டு வட்டி அதே பத்துப் பேருக்குள் பிரிகிறது. எதிர்வீட்டுக்காரரின் அவசரம் உங்கள் தவணையைக் குறைக்கிறது, அடுத்த வருஷம் உங்கள் அவசரம் அவருடையதைக் குறைக்கும். அப்புறம், தண்டல்காரருக்கு உங்கள் வீட்டில் சாவு என்றாலும் மறுநாள் 100 ரூபாய் வேண்டும். சீட்டு நடத்தும் அக்கா ஒரு மாதம் பொறுப்பார். இதை எந்த வட்டிக் கணக்கிலும் சேர்க்க முடியாது. ஆனால் மக்கள் சீட்டை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

வங்கி இருக்கும்போது ஏன் சீட்டு?

வட சென்னை ஒரு காலத்தில் சம்பளப் பட்டியலின் ஊர். பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகள், ரயில்வே பணிமனைகள், 1955-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை, துறைமுகம். இந்த மாதிரி வேலைகளில் இருந்தவர்களுக்குப் பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் என்ற ஏற்பாடு பொருந்தியது. சம்பளத்திலேயே தவணை பிடித்துவிடுவதால் சங்கத்துக்குப் பயமில்லை, உறுப்பினருக்குக் குறைந்த வட்டியில் கடன்.

பின்னி ஆலை என்று அழைக்கப்பட்ட அந்தப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-ல் மூடப்பட்டது. ஆட்டோ, மீன் வியாபாரம், சுமை தூக்குவது, வீட்டு வேலை, தையல் என்று பிழைப்பவருக்குப் பிடித்தம் செய்யச் சம்பளச் சீட்டே கிடையாது. சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவருக்குச் சிக்கன நாணயச் சங்கம், இல்லாதவருக்குத் தெருச் சீட்டு என்று பிரிந்துபோனது. தேவை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் வைத்த பணம் தங்காது. யாராவது கேட்பார்கள், அல்லது குடிக்குப் போகும். "சீட்டு கட்டணும்" என்று சொன்னால் அந்தப் பணத்தை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். பல பெண்களுக்கு அந்த ஒரு வாக்கியம்தான் பூட்டு.

சீட்டு எங்கே உடைகிறது

1. எடுத்தவர் கட்டாமல் போவது. சீட்டு எடுக்கும்வரை எல்லோரும் நல்லவர்கள். எடுத்தபிறகு கட்டவைப்பது மானமும் அக்கம்பக்கமும்தான். அதனால் ஆள் தெரியாத சீட்டு முதலில் உடையும். கைப்பேசியில் குழு தொடங்கி, முகம் பார்க்காத ஐம்பது பேரைச் சேர்க்கும் சீட்டுகளில் இந்தப் பிடிமானமே இல்லை.

2. ஒரே ஆள் பல சீட்டு நடத்துவது. ஒரு சீட்டில் விழுந்த ஓட்டையை இன்னொரு சீட்டுப் பணத்தால் அடைப்பார். அடைக்க அடைக்கப் புதுச் சீட்டு தொடங்க வேண்டிவரும். இந்தக் கட்டத்தில் சுழல் சீட்டும் மெல்ல மூன்றாவது வகையாக மாறிவிடுகிறது.

3. இல்லாத பெயர்கள். நடத்துபவரே வேறு பெயர்களில் இரண்டு மூன்று சீட்டு வைத்துக்கொண்டு, தள்ளி எடுத்துவிடுவது. எல்லோரும் நேரில் உட்கார்ந்து ஏலம் கேட்டால் இதற்கு இடமில்லை.

4. எல்லோருக்கும் ஒரே நாளில் வருமானம் நிற்பது. நேர்மையான சீட்டையும் உடைப்பது இதுதான், இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வட சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகில் போகிறவர், ஐஸ் உடைப்பவர், கூடையில் மீன் விற்பவர் என எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வரவு குறையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளமும் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயும் சேர்ந்து வந்தபோதும் இதே நிலைதான். பத்துப் பேரில் ஒருவருக்குக் கஷ்டம் என்றால் ஒன்பது பேர் தாங்கலாம். பத்துப் பேருக்கும் கஷ்டம் என்றால் யார் தாங்குவது?

தடைக்காலத்தின் குறுக்கே ஓடும் சீட்டைவிட, ஏப்ரலுக்கு முன் முடியும் சீட்டு மீனவக் குடும்பத்துக்குப் பாதுகாப்பு. மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தின் யோசனையும் இதுதான். மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால், ஒன்றிய அரசும் மாநில அரசும் ஆளுக்கு 1,500 சேர்த்து, வரவு குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திருப்பித் தருவது. வெளியிலிருந்து பணம் சேர்வதால், ஊர் முழுக்கத் தள்ளாடும்போதும் இது நிற்கும்.

தீபாவளி சீட்டு ஏன் தனி ரகம்

300 பேர், மாதம் 1,000 ரூபாய், 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் மாதம் ஒரே ஆளிடம் 18 லட்சம் ரூபாய் இருக்கும். கடைசி மாதம் 36 லட்சம். ஏலச் சீட்டு நடுவில் உடைந்தாலும், பணம் எடுத்த ஐந்து பேர் யார் என்று தெரியும், அவர்கள் வீடு தெரியும், ஒவ்வொருவரும் தரவேண்டியது சில ஆயிரம்தான். இங்கே கடன்பட்டவர் ஒரே ஒருவர். அவர் போனால் 36 லட்சமும் போகிறது.

அவர் தொடக்கத்திலிருந்தே திருட நினைத்தவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 12,000 ரூபாய் கட்டியவருக்கு 15,000 ரூபாய்ப் பொருள் என்று வாக்குக் கொடுத்திருப்பார். மொத்த விலைக்கு வாங்குவதில் கொஞ்சம் மிஞ்சும். மீதியை எப்படி ஈட்டுவது? வசூலை வட்டிக்கு விட வேண்டும். பல வருஷம் ஓடும். ஒரு வருஷம் வட்டிக்கு வாங்கியவர் திருப்பித் தராவிட்டால் தீபாவளிக்குப் பொருள் இல்லை. ஓடுகிறவரை மட்டும் செய்தியில் பார்க்கிறோம். எத்தனை லட்சத்தை எந்த ஈடும் கணக்கும் இல்லாமல் ஒருவர் கையில் விட்டோம் என்பதைப் பார்ப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

சீட்டு நிதிச் சட்டம், 1982: சீட்டு நடத்துபவர் முன் அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இது பதிவுத்துறையின் கீழ் வருகிறது. சீட்டுத் தொகைக்கு ஈடு காட்ட வேண்டும், ஒவ்வொரு ஏலத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் நடத்துபவரின் கமிஷன் உச்சவரம்பை 5 சதவீதத்திலிருந்து 7 ஆக்கியது. தனிநபர் நடத்தும் சீட்டின் உச்சவரம்பு 1 லட்சத்திலிருந்து 3 லட்சம், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பங்குதாரர்கள் உள்ள நிறுவனங்களுக்கு 6 லட்சத்திலிருந்து 18 லட்சம் ஆனது. முன்பு 100 ரூபாய்வரையான சீட்டுக்கு விலக்கு இருந்தது. அந்தத் தொகையை எடுத்துவிட்டு, எந்த அளவுக்கு மேல் சட்டம் பொருந்தும் என்று முடிவு செய்யும் உரிமையை மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள்.

முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், 2019: திருப்பித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கினால், திருப்புவது பணமாக இருந்தாலும் பொருளாக இருந்தாலும் அது வைப்புத்தொகை. "நான் பணம் தரவில்லை, பட்டாசுதான் தருகிறேன்" என்ற வாதம் இங்கே செல்லாது. சுய உதவிக் குழு உறுப்பினர்கள் வரம்புக்குள் கட்டும் தவணைக்கு இதில் விலக்கு உண்டு.

தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், 1997: ஏமாற்றியவரின் சொத்தை முடக்கி, விற்று, பணம் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி செய்வது. காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கும், தனி நீதிமன்றம் உண்டு.

பதிவில்லாத சீட்டில் சேர்ந்தவர்கள், நாமும் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து புகார் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். பதிவு செய்யும் கடமை நடத்துபவருடையது. அந்தப் பயத்தால் லாபம் அடைகிறவர் ஓடிப்போனவர் மட்டும்தான்.

மகளிர் குழு வேறு, குரூப் லோன் வேறு

சுய உதவிக் குழுவில் 12 முதல் 20 பெண்கள். சேமிப்பு குழுவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் இருக்கும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். உள்ளுக்குள் கடன் கொடுத்து வாங்கும் வட்டி குழு நிதியிலேயே சேரும். தமிழ்நாட்டில் இது 1989-ல் தருமபுரியில் தொடங்கியது. வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-ல் குழுக்களை வங்கிக் கடனோடு இணைத்தது. பணம் ராத்திரி எங்கே தங்குகிறது என்ற கேள்விக்கு இங்கே தெளிவான பதில் இருக்கிறது.

குரூப் லோன் என்று வீதியில் சொல்வது சேமிப்பே அல்ல. ஐந்து, பத்துப் பெண்களை ஒருவருக்கொருவர் பொறுப்பாக்கி, நுண்கடன் நிறுவனம் கொடுக்கும் கடன். வட்டி நிறுவனத்துக்குப் போகிறது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடன் இந்த வகை. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. இதையும் "மகளிர் குழு" என்றே அழைப்பதால்தான் பெயர் கெடுகிறது.

தீபாவளி சீட்டைக் கூட்டுறவாக்க முடியாதா?

தீபாவளி சீட்டு செய்வது என்ன? பலர் பணத்தைச் சேர்த்து, மொத்த விலைக்குப் பொருள் வாங்கிப் பிரித்துக்கொள்வது. இது அப்படியே நுகர்வோர் கூட்டுறவு. 1904-ல் திருவல்லிக்கேணியில் தொடங்கி, இன்றைக்குக் காமதேனு கடைகளை நடத்தும் நகரக் கூட்டுறவுச் சங்கம் இதைத்தான் செய்தது. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கத்தில் திரூரில் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. 1978-ல் சென்னையில் ஜெயா அருணாசலம் தொடங்கிய ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம், சிறு வியாபாரப் பெண்களுக்கு வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்துப் பார்த்து, 1981-ல் அவர்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தது. நம் ஊருக்கு இந்த வழி புதிதல்ல.

கூட்டுறவில் கூடுதலாக இருப்பது மூன்று: ஆளுக்கு ஒரு ஓட்டு, வருஷாந்திரத் தணிக்கை, நடத்துபவர் மாறினாலும் தொடரும் சட்டப்படியான சங்கம். சங்கமாகப் பதிவு செய்வது பெரிய வேலை, ஒரு தெருவுக்கு அது வேண்டாம். ஆனால் பன்னிரண்டு பெண்கள் இருக்கும் ஒரு சுய உதவிக் குழு, தன் வங்கிக் கணக்கிலேயே தீபாவளிக்கென்று தனித் தவணை சேர்த்து, ஐப்பசியில் மொத்தக் கடைக்குப் போய் வாங்கிப் பிரிக்க முடியும். 15,000 ரூபாய்ப் பொருள் கிடைக்காது, கட்டிய 12,000-க்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். அந்தக் கூடுதல் ஆசையை விட்டால், பணம் வட்டிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

இப்போது சீட்டில் இருப்பவர்களுக்கு

சரி, ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால்:

1. நடத்துபவர் இப்போது மொத்தம் எத்தனை சீட்டு நடத்துகிறார் என்று நேரடியாகக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

2. ஒவ்வொரு தவணைக்கும் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் கைப்பேசிச் செயலியில் அனுப்புங்கள், வங்கிக் கணக்கில் பதிவு இருக்கும். அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஏலச் சீட்டில் இந்த மாதம் எடுத்தவர் யார், எவ்வளவு தள்ளினார் என்று எழுதிவையுங்கள். அந்த ஆளுக்கு முழுத் தொகையும் போய்ச்சேர்ந்ததா என்று அவரிடமே விசாரியுங்கள்.

4. தவணை தாமதமான முதல் மாதமே மற்ற உறுப்பினர்களோடு பேசுங்கள். பதிவான சீட்டு என்றால் சீட்டுப் பதிவாளரிடம் போகலாம். பதிவில்லாததும் தீபாவளி சீட்டும் என்றால் காவல் நிலையத்தில் எழுத்துப் புகாரும், தொகை பெரிதானால் பொருளாதாரக் குற்றப்பிரிவும். தனித்தனியாகப் போகாமல், யார் எவ்வளவு கட்டினார் என்ற ஒரே பட்டியலோடு சேர்ந்து போங்கள். சொத்தை முடக்கிப் பணத்தைப் பிரிக்கும் நாளில் அந்தப் பட்டியலில் பெயரும் ரசீதும் இருப்பவருக்கே கேட்க ஆதாரம் இருக்கும்.